மந்தநிலை என்று அறிவிப்பதற்குள் சந்தை எங்கே போயிருக்கும்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவில் மந்தநிலை வரப்போகிறது என்கிறார்கள். கையில் இருக்கும் பங்குகளை விற்றுவிட்டு, மந்தநிலை முடிந்தது என்று அறிவித்தவுடன் திரும்ப வாங்கினால் என்ன?
*தனியார் நிறுவன ஊழியர், கோயம்புத்தூர்*

அறிவிப்பு எப்போது வரும் என்று தெரிந்தால் இந்த யோசனையை நீங்களே கைவிடுவீர்கள். அமெரிக்காவில் மந்தநிலை தொடங்கிய மாதத்தையும் முடிந்த மாதத்தையும் தீர்மானிப்பது என்.பி.ஈ.ஆர். என்ற ஆய்வு அமைப்பின் குழு. வேலைவாய்ப்பு, வருமானம், உற்பத்தி, விற்பனை என எல்லாப் புள்ளிவிவரங்களும் வந்து, திருத்தப்பட்ட பிறகுதான் அது வாய் திறக்கும்.

2007 டிசம்பரில் தொடங்கிய மந்தநிலையை அந்தக் குழு அறிவித்தது 2008 டிசம்பர் 1 அன்று. அமெரிக்காவின் 500 பெரிய நிறுவனப் பங்குகளின் விலைப்போக்கைக் காட்டும் எஸ் அண்ட் பி 500 குறியீடு 2007 அக்டோபர் 9-லேயே 1,565 என்ற உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கியிருந்தது. அறிவிப்பு வந்த அன்று 816. கிட்டத்தட்ட பாதி போய்விட்டது. மந்தநிலை 2009 ஜூனில் முடிந்தது. அது முடிந்ததாகச் சொன்னது 2010 செப்டம்பர் 20-ல். அன்று குறியீடு 1,142. இரண்டு அறிவிப்புகளையும் பார்த்து நடந்தவர் 816-க்கு விற்று, 40 சதவீதம் கூடுதல் விலை கொடுத்து அதே பங்குகளை வாங்கியிருப்பார். இடையில் 2009 மார்ச் 9 அன்று 676 வரை இறங்கியது அவருக்கு எந்தப் பயனும் தந்திருக்காது.

2020-ல் இடைவெளி இன்னும் விபரீதம். மார்ச் 23-ல் சந்தை அடிமட்டத்தைத் தொட்டது. மந்தநிலை என்று அறிவித்தது ஜூன் 8-ல். அதற்குள் குறியீடு 44 சதவீதம் ஏறியிருந்தது. அந்த மந்தநிலை ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது என்ற செய்தி வந்தபோது 2021 ஜூலை நடந்துகொண்டிருந்தது.

வேலை போகிறது, கடைகள் மூடுகின்றன, ஆனால் பங்குகள் ஏறுகின்றன. இது சூதாட்டம் இல்லாமல் வேறென்ன?
*கல்லூரி மாணவர், திருச்சி*

பங்கின் விலை, நிறுவனம் இனி வரும் பத்து, இருபது ஆண்டுகளில் சம்பாதிக்கப்போவதன் இன்றைய மதிப்பு. அதில் ஒரு மோசமான ஆண்டின் லாபத்துக்கு உள்ள இடம் சிறியது. பிறகு ஏன் பாதியாக விழுகிறது? மூன்று காரணங்கள் ஒன்றாக வந்து சேர்கின்றன. வருங்கால லாபக் கணிப்பைக் குறைக்கிறார்கள். அந்த லாபத்துக்குத் தர விரும்பும் விலையையும் குறைக்கிறார்கள். கடன் வாங்கிப் பங்கு வாங்கியவர்களும், முதலீட்டாளர்களுக்குப் பணம் திருப்பித் தரவேண்டிய ஃபண்டுகளும் விலையைப் பார்க்காமல் விற்கிறார்கள். மூன்றாவது காரணம்தான் கடைசிக் கட்டச் சரிவுக்குப் பெரும்பாலும் பொறுப்பு. விற்றே தீரவேண்டியவர்கள் விற்று முடித்ததும், செய்தி மோசமாகவே இருந்தாலும் விலை நிற்கிறது. அதே சமயம் மத்திய வங்கி வட்டியைக் குறைத்திருக்கும். வட்டி குறைந்தால் வருங்கால லாபத்தின் இன்றைய மதிப்பு கூடும்.

அமெரிக்காவில் வேலையின்மை 10 சதவீதம் என்ற உச்சத்தைத் தொட்டது 2009 அக்டோபரில். அதற்குள் எஸ் அண்ட் பி 500 அடிமட்டத்திலிருந்து பாதிக்கு மேல் ஏறிவிட்டது. நிறுவனங்கள் ஆட்களைக் குறைப்பதும் திரும்ப எடுப்பதும் கடைசியில் செய்யும் வேலை. அதனால் வேலைச் செய்தியை வைத்துச் சந்தையைக் கணிப்பவர் எப்போதும் பின்தங்கியே இருப்பார்.

ஆனால் "சந்தை எப்போதும் மந்தநிலை முடியும் முன்பே எழும்" என்று மனப்பாடம் செய்துவிடாதீர்கள். 2001 மந்தநிலை அந்த ஆண்டு மார்ச்சில் தொடங்கி நவம்பரில் முடிந்தது. மிக லேசான மந்தநிலை. சந்தையோ 2002 அக்டோபர் வரை இறங்கிக்கொண்டே இருந்தது. தொழில்நுட்பப் பங்குகள் நிறைந்த நாஸ்டாக் குறியீடு உச்சத்திலிருந்து 78 சதவீதம் போனது. காரணம், இறங்க ஆரம்பித்த உயரம். இணைய நிறுவனப் பங்குகளின் விலைக்கும் அவற்றின் லாபத்துக்கும் சம்பந்தமே இல்லாமல் இருந்தது. போதாக்குறைக்கு என்ரான், வேர்ல்ட்காம் என்ற பெரிய அமெரிக்க நிறுவனங்களின் கணக்கு மோசடிகள். மந்தநிலை எவ்வளவு கடுமை என்பதைவிட, அதற்கு முன் பங்குகள் என்ன விலையில் இருந்தன என்பது பல நேரங்களில் பெரிய கேள்வி.

2008-ல் இந்தியப் பொருளாதாரம் வளர்ந்துகொண்டுதானே இருந்தது? சென்செக்ஸ் மட்டும் ஏன் அப்படி விழுந்தது?
*வங்கி ஓய்வூதியர், மதுரை*

வளர்ச்சி வேகம் குறைந்ததே தவிர, நாட்டு உற்பத்தி (ஜி.டி.பி.) அந்த ஆண்டு சுருங்கவில்லை. ஆனாலும் சென்செக்ஸ் 2008 ஜனவரி 8-ல் 20,873-ல் முடிந்து, 2009 மார்ச் 9-ல் 8,160 வரை வந்தது. 61 சதவீதச் சரிவு. மந்தநிலைக்குள் போன அமெரிக்காவின் குறியீடு இழந்தது 57 சதவீதம்தான்.

விளக்கம் பணத்தின் ஓட்டத்தில் இருக்கிறது. அப்போது நம் சந்தையின் விலையை நிர்ணயித்தவர்களில் முன்வரிசையில் நின்றவர்கள் வெளிநாட்டு நிறுவன முதலீட்டாளர்கள். சொந்த ஊரில் பணம் தேவைப்பட்டதும், எங்கே லாபம் மிச்சம் இருந்ததோ அங்கே விற்றார்கள். டாலர் 39 ரூபாயிலிருந்து 50-ஐத் தாண்டியது. இன்று மக்கள் ஃபண்டுகளில் மாதாமாதம் போடும் எஸ்.ஐ.பி. தவணைப் பணம் அந்த விற்பனையை ஓரளவு தாங்குகிறது. தாங்கும் தோளின் அளவு மாறியிருக்கிறது. அதிர்ச்சி வரும் வழி மாறவில்லை.

2020-ல் நேர்மாறு. ஏப்ரல்–ஜூன் காலாண்டில் ஜி.டி.பி. 23.9 சதவீதமும் அடுத்த காலாண்டில் 7.5 சதவீதமும் சுருங்கியதாக முதல் மதிப்பீடுகள் வந்தன. இரண்டு காலாண்டு தொடர் சுருக்கம் என்பதால் "தொழில்நுட்ப ரீதியான மந்தநிலை" என்று நவம்பர் 27 அன்று எல்லாத் தொலைக்காட்சிகளும் சொல்லின. அன்று சென்செக்ஸ் 44,000-க்கு மேல், அதாவது கொரோனாவுக்கு முந்தைய உச்சத்தையும் தாண்டி நின்றது.

மந்தநிலை வருவதற்கு முன் ஏதாவது அறிகுறி தெரியுமா?
*மருந்துக்கடை உரிமையாளர், ஈரோடு*

தெரியும். ஆனால் பொய் அறிகுறிகளும் அதே முகத்தோடு வரும். பொருளாதார அறிஞர் பால் சாமுவேல்சன் 1966-லேயே, கடந்த ஐந்து மந்தநிலைகளில் ஒன்பதைச் சந்தை சரியாகக் கணித்துவிட்டது என்று கிண்டலடித்தார். 1987 அக்டோபர் 19 அன்று அமெரிக்காவின் டவ் ஜோன்ஸ் குறியீடு ஒரே நாளில் 22.6 சதவீதம் விழுந்தது, மந்தநிலை வரவில்லை. 2022-ல் எஸ் அண்ட் பி 25 சதவீதம் இறங்கியது, அப்போதும் வரவில்லை.

சந்தையைவிட நம்பகமானது என்று பெயர் வாங்கியது கடன் பத்திரங்களின் வட்டி. அமெரிக்க அரசின் 2 ஆண்டுப் பத்திரம் 10 ஆண்டுப் பத்திரத்தைவிடக் கூடுதல் வட்டி தந்தால் மந்தநிலை அருகில் என்பார்கள். 2006-லும் 2019-லும் அப்படி நடந்தது, பின்னாலேயே மந்தநிலைகளும் வந்தன. 2022 ஜூலையில் தலைகீழான வட்டி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அப்படியே கிடந்து, 2024 செப்டம்பரில் நேரானது. அதை நம்பி விற்றவர்கள் ஒரு பெரிய ஏற்றத்தை வெளியே நின்று பார்த்தார்கள்.

எங்கள் அனுபவத்தில், மந்தநிலையைக் கணிப்பதைவிடச் சந்தையின் மிதமிஞ்சிய உற்சாகத்தை அடையாளம் காண்பது எளிது. 2008 ஜனவரியில் ரிலையன்ஸ் பவர் புதிய பங்கு வெளியீடு (ஐ.பி.ஓ.) 450 ரூபாய்க்கு வந்தது. விற்க இருந்ததைப்போல் 70 மடங்குக்கு மேல் விண்ணப்பங்கள். நிறுவனத்தின் மின் நிலையங்களில் பெரும்பாலானவை அப்போது காகிதத்தில் இருந்தன. பிப்ரவரி 11-ல் பட்டியலான முதல் நாளே 17 சதவீதம் இறங்கி முடிந்தது. கடன் வாங்கி ஐ.பி.ஓ.வுக்கு விண்ணப்பிக்கும் ஆட்கள் உங்கள் கடைக்கு வந்து பேசத் தொடங்கினால், விற்று ஓடச் சொல்லமாட்டோம். புதிதாகக் கடன் வாங்கிச் சந்தையில் போடாதீர்கள் என்போம்.

வட்டியைக் குறைத்தால் பங்கு ஏறும் என்கிறார்களே. முதல் வட்டிக் குறைப்பன்று வாங்கலாமா?
*வாசகர், சேலம்*

2007 செப்டம்பர் 18-ல் அமெரிக்க மத்திய வங்கி முதல் குறைப்பைச் செய்தது. மூன்று வாரத்தில் சந்தை உச்சம் தொட்டு, பிறகு பாதிக்கு மேல் இழந்தது. 2001 ஜனவரி 3-ல் அவசரக் குறைப்பு. அடிமட்டம் வர 21 மாதங்கள் ஆயின. 1995-லும் 1998-லும் குறைத்தபோதோ சந்தை நன்றாக ஏறியது, ஏனென்றால் மந்தநிலையே வரவில்லை. பயத்தில் குறைக்கிறார்களா, விலைவாசி அடங்கியதால் குறைக்கிறார்களா என்பதைப் பொறுத்தது.

மாதம் 5,000 ரூபாய் எஸ்.ஐ.பி. போகிறது. சந்தை இறங்கும்போது நிறுத்திவிட்டு, ஏறும்போது தொடரலாமா?
*பள்ளி ஆசிரியை, தஞ்சாவூர்*

எஸ்.ஐ.பி.யின் கணக்கே இறங்கும் மாதங்களில்தான் இருக்கிறது. ஒரு யூனிட்டின் விலை ஐந்து மாதங்களில் 100, 80, 60, 80, 100 என்று போகிறது என்று வையுங்கள். உங்களுக்குக் கிடைப்பது முறையே 50, 62.5, 83.3, 62.5, 50 யூனிட்டுகள். மொத்தம் 308.3. போட்டது 25,000, கடைசியில் மதிப்பு 30,830. விலை புறப்பட்ட இடத்துக்குத்தான் திரும்பியது, உங்களுக்கோ 23 சதவீதம் லாபம். 80, 60, 80 மாதங்களில் நிறுத்தியிருந்தால் லாபம் சுழியம்.

இதில் விளம்பரங்கள் சொல்லாத ஒன்று உண்டு. 15 ஆண்டு எஸ்.ஐ.பி. போட்டு 40 லட்சம் சேர்த்தவருக்கு மாதம் 5,000 ரூபாய் எதையும் சராசரியாக்காது. சந்தை 35 சதவீதம் இறங்கினால் அவர் இழப்பு 14 லட்சம். அந்த ஆண்டு முழுக்க மலிவு விலையில் வாங்குவது 60,000 ரூபாய்க்கு. எஸ்.ஐ.பி. பாதுகாப்பது தொடக்க ஆண்டுகளில் இருப்பவரை. சேர்ந்த தொகை பெரிதானவருக்குப் பாதுகாப்பு, பங்குக்கும் கடன் பத்திரத்துக்கும் இடையிலான பிரிப்பில் இருக்கிறது. 60:40 என்று வைத்திருப்பவர், பங்கின் பாகம் 55-க்குக் கீழே போனால் கடன் பக்கத்திலிருந்து எடுத்துப் பங்கில் சேர்க்க வேண்டும். 65-ஐத் தாண்டினால் திரும்ப எடுக்க வேண்டும். பத்து லட்சத்தில் 6 லட்சம் பங்கு, அது 35 சதவீதம் இறங்கி 3.9 லட்சம் ஆகிறது என்றால், 84,000 ரூபாயை நகர்த்தினால் விகிதம் சரியாகும். சந்தை பழைய இடத்துக்கு வந்ததும் மொத்தம் 10.45 லட்சம். 45,000 ரூபாய் லாபம் பெரிய விஷயமில்லை. ஆனால் பயந்து விற்கும் நேரத்தில் வாங்க வைக்கும் விதி அது.

வேலை போய்விட்டால் தயங்காமல் எஸ்.ஐ.பி.யை நிறுத்துங்கள். கணக்கில் பணம் இல்லாமல் தவணை திரும்பினால் ஒவ்வொரு முறையும் வங்கி சில நூறு ரூபாய் பிடிக்கும். மாதத் தவணை தொடர்ந்து மூன்று முறை திரும்பினால் எஸ்.ஐ.பி. ரத்தாகும். "தற்காலிக நிறுத்தம்" என்ற வசதி பெரும்பாலான ஃபண்டுகளில் இருக்கிறது. ஆறு மாதச் செலவுக்கான பணம் வங்கியில் இல்லாதவர், எஸ்.ஐ.பி. தொகையைக் கூட்டுவதற்கு முன் அதைச் சேர்க்க வேண்டும்.

என்னிடம் உள்ள ஒரு பங்கு 70 சதவீதம் இறங்கிவிட்டது. இன்னும் வாங்கிச் சராசரி விலையைக் குறைக்கலாமா?
*லாரி உரிமையாளர், நாமக்கல்*

குறியீடு திரும்பி வரும். ஒவ்வொரு பங்கும் வரும் என்று யாரும் எழுதித் தரவில்லை. கட்டுமான நிறுவனமான டி.எல்.எஃப். பங்கு 2008 ஜனவரியில் 1,200 ரூபாயைத் தாண்டியது. அடுத்த ஆண்டு 200-க்குக் கீழே. அது ஒன்றும் காணாமல்போன நிறுவனம் இல்லை, இன்றும் பெரிய நிறுவனம். அப்படியும் 2024 முடியும்வரை பழைய உச்சத்தைத் தொடவில்லை. கணக்கையும் மறக்காதீர்கள்: 70 சதவீதம் இழந்த பங்கு பழைய விலைக்கு வர 233 சதவீதம் ஏற வேண்டும்.

வாங்கும் முன் ஆண்டறிக்கையில் இவற்றைப் பாருங்கள். வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபம், கட்டவேண்டிய வட்டியைப்போல் எத்தனை மடங்கு? இரண்டு மடங்குக்குக் கீழே என்றால், விற்பனை சற்றுக் குறைந்தாலே வட்டி கட்டத் திணறும். ஓராண்டுக்குள் திருப்பித் தரவேண்டிய கடன் எவ்வளவு, கையில் ரொக்கம் எவ்வளவு? மந்தநிலையில் நிறுவனங்களைச் சாய்ப்பது பெரும்பாலும் நஷ்டம் இல்லை. பழைய கடனைப் புதுப்பிக்க வங்கி மறுப்பதுதான். லாபம் காட்டுகிறார்கள், ஆனால் தொழிலிலிருந்து ரொக்கம் வரவில்லை, வரவேண்டிய பாக்கி மட்டும் ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறது என்றால் தள்ளி நில்லுங்கள். நிறுவனர்கள் தங்கள் பங்கை அடகு வைத்திருக்கிறார்களா என்பது பங்குச் சந்தையின் இணையதளத்தில் காலாண்டுதோறும் வெளியாகும் பங்குதாரர் பட்டியலிலேயே இருக்கும். விலை விழும்போது அடகு பிடித்தவர் விற்பார், அதனால் இன்னும் விழும்.

இதில் ஒன்று தேறாவிட்டாலும் புதுப் பணம் வேண்டாம். நாலும் தேறினால், அந்த ஒரு பங்கு உங்கள் மொத்த முதலீட்டில் பத்து சதவீதத்தைத் தாண்டாதவரை வாங்கலாம்.

பங்குகளை அடகு வைத்துக் கடன் வாங்கி, சரிவில் இன்னும் வாங்கலாம் என்று தரகர் சொல்கிறார்.
*வாசகி, சென்னை*

10 லட்ச ரூபாய்ப் பங்குக்கு 5 லட்சம் கடன் என்று வைத்துக்கொள்வோம். 2020 ஜனவரி நடுவிலிருந்து மார்ச் 23 வரை நிஃப்டி 38 சதவீதம் இறங்கியது. உங்கள் 10 லட்சம் 6.2 லட்சம் ஆகியிருக்கும். பாதி வரை என்ற வரம்புக்கு இப்போது 3.1 லட்சம்தான் கடன் இருக்கலாம். மீதி 1.9 லட்சத்தைச் சில நாட்களுக்குள் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் அவர்களே விற்பார்கள், அதுவும் ஆகக் குறைந்த விலை நாட்களில். ஏப்ரல் 7 அன்று சென்செக்ஸ் ஒரே நாளில் 2,476 புள்ளிகள் எழுந்தபோது உங்கள் பங்குகளில் பெரும்பகுதி கையில் இருந்திருக்காது. தரகருக்கோ வாங்கினாலும் விற்றாலும் கமிஷன்.

திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்காளராக இருக்கிறேன். தொழில் தெரியும் என்பதால் ஜவுளிப் பங்குகளே வைத்திருக்கிறேன்.
*வாசகர், திருப்பூர்*

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மக்கள் துணி வாங்குவதைக் குறைத்தால் உங்கள் சம்பளம், போனஸ், பங்கு மூன்றும் ஒரே மாதத்தில் அடிபடும். வீடும் அங்கேயே என்றால் அதன் விலையும்தான். தொழிலறிவு உங்களுக்கு ஏற்கெனவே சம்பளமாக வந்துகொண்டிருக்கிறது. பங்குப் பணத்தை, குறியீட்டில் உள்ள பங்குகளையே வாங்கி வைக்கும் குறியீட்டு ஃபண்டுக்கு மெதுவாக மாற்றுங்கள். அவசரகால நிதியும் உங்களுக்கு ஆறு மாதம் போதாது, ஒன்பது மாதம் வையுங்கள்.

ஓய்வு பெற்றுவிட்டேன். மாதம் 40,000 ரூபாய் ஃபண்டிலிருந்து எடுக்கிறேன். மந்தநிலை வந்தால்?
*வாசகர், நாகர்கோவில்*

50 லட்சமும் பங்கு ஃபண்டில் இருந்து, சந்தை பாதியாகி, அந்த 25 லட்சத்திலிருந்து ஓராண்டுச் செலவு 4.8 லட்சத்தை எடுத்தால் மிச்சம் 20.2 லட்சம். சந்தை இரட்டிப்பாகிப் பழைய இடத்துக்கு வந்தாலும் உங்களுக்கு 40.4 லட்சம்தான். குறைந்த 9.6 லட்சத்தில் பாதி நீங்கள் செலவழித்தது. மறுபாதி, அடிமட்டத்தில் விற்றதற்கான தண்டம்.

சென்செக்ஸ் 2008 உச்சத்தை 2010 நவம்பரில் ஒருமுறை எட்டிப் பார்த்தாலும், உறுதியாகத் தாண்டியது 2014-ல்தான். அதனால் குறைந்தது மூன்றாண்டுச் செலவு, 14.4 லட்சம், பங்குக்கு வெளியே இருக்கட்டும். ஐந்தாண்டு என்றால் இன்னும் நிம்மதி. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாம். வங்கி வைப்பை ஒரே ரசீதாகப் போடாமல், ஆறு மாதத்துக்கு ஒன்று முதிர்வதுபோல் பிரித்துப் போடுங்கள். இடையில் உடைத்தால் வட்டியில் வெட்டு விழும். ஒரு வங்கியில் ஒருவருக்கு வைப்புக் காப்பீடு 5 லட்சம் வரைதான்.

கூடுதல் வட்டிக்காக, கடன் பத்திரங்களில் பணம் போடும் கடன் ஃபண்டுக்குப் போவதில் கவனம். 2020 ஏப்ரலில் ஃப்ராங்க்ளின் டெம்பிள்டன் ஆறு கடன் ஃபண்டுகளை ஒரே நாளில் மூடியது. பணம் பிற்பாடு தவணை தவணையாகத் திரும்பி வந்தது. ஆனால் மாதச் செலவுக்கு அதை நம்பியிருந்தவருக்குத் தவணை வரும்வரை யார் சோறு போடுவது?

இலங்கையில் 2022-ல் பொருளாதாரமே சரிந்தது. இருந்தும் கொழும்புச் சந்தை அவ்வளவு விழவில்லை என்கிறார்களே?
*வாசகர், யாழ்ப்பாணம்*

ரூபாயில் பார்ப்பதால் வரும் மயக்கம். அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 2021 முடிவில் ஏறத்தாழ 12,200. 2022 முடிவில் 8,500. 30 சதவீதச் சரிவுதான். ஆனால் டாலர் 200 ரூபாயிலிருந்து 360-க்கு மேல் போனது. டாலர் கணக்கில் இழப்பு 60 சதவீதத்தைத் தாண்டும். செப்டம்பரில் கொழும்பு விலைவாசி ஏற்றம் 69.8 சதவீதம். திறைசேரி உண்டியல் (அரசின் குறுகிய காலக் கடன் பத்திரம்) 30 சதவீத வட்டி தந்தபோது பங்கை யார் வைத்திருப்பார்கள்? அந்த வட்டி இறங்கத் தொடங்கியதும் சந்தை திரும்பியது. 2023-ல் சுமார் கால்பங்கு ஏறியது, அந்த ஆண்டின் முதற்பாதியில் பொருளாதாரம் இன்னும் சுருங்கிக்கொண்டிருந்தபோதிலும்.

ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். கடன் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அறிவித்த அடுத்த வாரம், 2022 ஏப்ரல் 18 முதல் ஐந்து வேலை நாட்கள் சந்தையையே மூடினார்கள். அவசரத்துக்கு விற்கலாம் என்று வைத்திருந்த பங்கை அந்த வாரம் விற்க முடியவில்லை.

நஷ்டத்தில் விற்றால் வரியில் ஏதும் கிடைக்குமா?
*வாசகி, வேலூர்*

கிடைக்கும். ஓராண்டுக்குள் விற்ற பங்கின் நஷ்டத்தைக் குறுகிய கால லாபத்திலும் நீண்ட கால லாபத்திலும் கழிக்கலாம். ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து வந்த நஷ்டத்தை நீண்ட கால லாபத்தில் மட்டும் கழிக்க முடியும். மிச்சத்தை எட்டு ஆண்டுகள் வரை எடுத்துச்செல்லலாம், ஆனால் அந்த ஆண்டின் வருமான வரிக் கணக்கைக் கெடு தேதிக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும். வருமானம் வரி வரம்புக்குக் கீழே என்று தாக்கல் செய்யாமல் விட்டு, இந்த உரிமையை இழப்பவர்கள் நிறையப் பேர். குறியீட்டு ஃபண்டை நஷ்டத்தில் விற்றால், பணம் கைக்கு வந்ததும் வேறொரு நிறுவனத்தின் அதே வகைக் குறியீட்டு ஃபண்டில் போட்டுவிடுங்கள். ஏற்றம் வரும் நாள் எதுவென்று யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். 2009 மே 18 அன்று தேர்தல் முடிவால் சென்செக்ஸ் ஒரே நாளில் 17 சதவீதம் ஏறியது, வாங்க நினைத்தவர்களுக்கு வர்த்தகம் நடந்ததே மிகச் சிறிது நேரம்தான்.